தீவை வலம் வரலாம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் வேங்கிக்காலிலும் தீவுகளைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தமான், லங்காவி, புக்கெட், மாலத்தீவு என்று பெயர்கள் அடிபடுகின்றன. புதுச்சேரிக் கடற்கரைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஊர் இது. ஏரியும் கிணறுமே எங்களுக்குத் தெரிந்த நீர்நிலைகள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை கடலைப் பார்ப்பது என்றால் ராமேசுவரத்தில் தீர்த்தமாடுவது, சென்னைக்குப் போனால் மெரினாவில் கால் நனைப்பது, அவ்வளவுதான். இன்று ஒரு நடுத்தரக் குடும்பம் இரண்டு வருடச் சேமிப்பை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி, பெயரே கேள்விப்பட்டிராத ஒரு படகுத்துறையில் போய் நிற்கிறது. இந்த மாற்றத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எளிய மனிதர்களுக்கும் வாய்ப்பது நல்ல காலத்தின் அடையாளம் என்றே நினைக்கிறேன். என் கேள்வி வேறு. அந்தப் படகுத்துறையில் அவர்களுக்கு விற்கப்படும் 'ஒரு நாளில் நான்கு தீவுகள்' என்ற சரக்கில், தீவு என்பது எவ்வளவு இருக்கிறது?

அந்தப் பயணத்தின் அமைப்பு எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் விடுதி வாசலுக்கு வண்டி வருகிறது. படகுத்துறையில் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வண்ணச் சீட்டு தருகிறார்கள். நாம் எந்தப் படகின் ஆள் என்பதற்கு அதுவே அடையாளம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முப்பது நாற்பது பேர் ஒரு ஃபைபர் படகில் நெருங்கி உட்கார்ந்ததும், பின்புறம் தொங்கும் இரண்டு அல்லது மூன்று எந்திரங்கள் உறுமத் தொடங்குகின்றன. வழிகாட்டி நல்ல இளைஞராக இருப்பார். நான்கு மொழிகளில் நகைச்சுவை சொல்லத் தெரிந்திருக்கும். ஆனால் படகு வேகம் எடுத்தபின் அவர் சொல்வது எவருக்கும் கேட்காது. படகு நின்றபின் அவர் சொல்வது பெரும்பாலும் நேரத்தைத்தான்: இங்கே நாற்பது நிமிடம், அங்கே இருபது நிமிடம், திரும்பி வரவேண்டிய மணி இது. அந்தக் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவரை ஒரு கடிகாரமாக மாற்றிவிடுகிறது இந்த ஏற்பாடு.

வேகம் பறித்துக்கொள்வது நேரத்தை மட்டும் என்று எண்ண வேண்டாம். கடலில் தொழில் செய்பவர்களுக்குக் காற்று ஒன்றல்ல. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று திசைக்கொரு பெயரும் பெயருக்கொரு குணமும் உண்டு. நீரோட்டத்திற்கு நீவாடு என்று பெயர். நீரின் நிறம் கரும்பச்சையிலிருந்து வெளிறினால் அடியில் மணல், திட்டாகக் கறுத்தால் பார் என்று அவர்கள் கண்ணாலேயே ஆழத்தைப் படிப்பார்கள். மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், அலை மீது மோதி மோதித் துள்ளும் படகில் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இவற்றில் எதுவும் தட்டுப்படாது. அவருக்குக் கடல் என்பது இரண்டு புகைப்பட இடங்களுக்கு நடுவில் கடந்து தீரவேண்டிய தூரம். நெய்தல் திணைக்கு நம் முன்னோர் இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள். கடலை அறிந்தவர்கள் கரையில் காத்திருக்கக் கற்றவர்கள் என்ற எண்ணம் அதில் உண்டு. நாற்பது நிமிடம் மட்டும் கரையில் விடப்பட்டவர் எதற்காகவும் காத்திருக்க முடியாது.

இது பார்ப்பவருக்கு நேரும் நட்டம். பார்க்கப்படும் இடத்திற்கு நேர்ந்தது என்ன என்பதற்குத் தாய்லாந்தின் மாயா குடாவைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பீ பீ லே தீவில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த சிறிய கடற்கரை அது. 2000ஆம் ஆண்டில் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' என்ற திரைப்படம் வந்தபின் உலகமே அங்கே போக ஆசைப்பட்டது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை வந்தார்கள். விரைவுப் படகுகள் வரிசையாக மணலில் மூக்கை ஏற்றி நின்றன. நங்கூரமும் எந்திரத்தின் விசிறியும் நீந்துபவர்களின் காலும் சேர்ந்து அங்கிருந்த பவளங்களில் பெரும்பகுதியை அழித்தன. 2018 ஜூனில் தாய்லாந்து அரசு குடாவை மூடியது. சில மாதங்கள் என்று தொடங்கிய தடை மூன்றரை ஆண்டுகள் நீடித்து, 2022 ஜனவரியில்தான் விலகியது. ஆளில்லாத அந்தக் காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் குடாவுக்குத் திரும்பி வந்தன. பெயர்த்து நட்ட பவளங்கள் வேர்கொண்டன. இப்போது படகுகள் குடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் மறுபக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முன்போல நீந்தித் திளைக்க அனுமதி இல்லை.

பவளம் எவ்வளவு மெதுவாக வளர்வது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நீளும். உருண்டைப் பாறைபோலக் கிடக்கும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஆழமற்ற நீரில் மூச்சு வாங்க எழுந்து நிற்கும் ஒருவரின் காலடியில் முறிவது பத்திருபது ஆண்டுகளின் வளர்ச்சி. விசிறி கலக்கிவிடும் மணல் பவளத்தின் மேல் படிந்தால், அதற்குள் குடியிருந்து வெளிச்சத்தை உணவாக மாற்றித்தரும் நுண்பாசிகளுக்கு ஒளி கிடைக்காமல் போகிறது. நாம் பூசிக்கொள்ளும் வெயில் களிம்புகூட அதற்குப் பகை. பவளத்தைக் கெடுக்கும் வேதிப்பொருட்கள் கொண்ட களிம்புகளைத் தாய்லாந்து தன் தேசியக் கடற்பூங்காக்களில் 2021இல் தடைசெய்தது. இந்தச் சேதங்களைச் செய்பவர் எவரும் தீயவர் அல்லர். அழகைப் பார்க்க வந்தவர்கள்தாம். ஒருவர் செய்வது ஒன்றுமில்லை, ஐயாயிரம் பேர் செய்வது அழிவு. ஆகவே தனிமனித ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிப்பதால் இங்கே பயனில்லை. கேள்வி அளவைப் பற்றியது.

தாய்லாந்துவரை போக வேண்டியதும் இல்லை. நம்முடைய மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் இருக்கின்றன. குருசடை, சிங்கில், முயல், மனோலி, அப்பா, நல்லதண்ணி, காசுவார், கரியாச்சல்லி, வான் என்று ஒவ்வொன்றுக்கும் மீனவர் இட்ட பெயருண்டு. 1986இல் இவை தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் சுற்றியுள்ள கடலும் கரையும் சேர்ந்து உயிர்க்கோளக் காப்பகம் ஆயின. 21 என்பது ஏட்டுக் கணக்கு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. தீவைக் காத்துநின்ற பார் போனதும் அலை நேராகத் தீவின் மேல் விழுந்தது. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவும் அவ்வாறே தேய்ந்து மறைய இருந்தது. 2015க்குப் பின் அதைச் சுற்றிக் கடலடியில் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டு ஒருவாறு நிறுத்தப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. இத்தனை நலிவுற்ற ஓரிடத்திற்கு நாம் எப்படிப் போவது என்பதே இன்று நம் முன்னுள்ள கேள்வி. போகத்தான் போகிறோம். அண்மை ஆண்டுகளில் குந்துகாலிலிருந்து குருசடைப் பக்கம் வனத்துறையே சுற்றுலாப் படகு விட்டிருக்கிறது. பாம்பனின் புதிய ரயில் பாலம் 2025இல் திறக்கப்பட்டபின் அந்தக் கரைக்கு வரும் கூட்டம் குறையப் போவதில்லை.

இங்கேதான் ஒரு நீதிக் கேள்வியும் எழுகிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாக இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்தவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி வகைகளைத் தொட்டே சொல்வார்கள். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி எடுக்கும் தொழில். பூங்கா வந்தபின் தீவுகளில் கால்வைப்பது அவர்களுக்குக் குற்றமாயிற்று; பிடிபட்டதும் அபராதம் கட்டியதும் அவர்கள் வாழ்க்கையின் பகுதியாகிவிட்டன. அந்த நெருக்கடிக்கு நடுவில் அவர்கள் செய்த காரியம் ஒன்று நம் கவனத்துக்குரியது. மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கூடிப் பேசி முடிவு செய்துகொண்டார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நீர் வற்றும் நாட்கள் அவை. மீதி நாட்கள் பாசி வளர விட்டுவிடுவது. இந்தப் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் தரும் விருது அது.

தன் சோற்றையே அந்தக் கடலிலிருந்து எடுக்கும் ஒருத்தி மாதத்தில் பதினெட்டு நாள் கையைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள். பொழுதுபோக்குக்காகப் போகும் நாம் ஒரு நாளில் நான்கு தீவு வேண்டும் என்கிறோம். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு மூடிய தீவு, நுழைவுச் சீட்டு வாங்கியவருக்கு மட்டும் திறக்குமானால் அது பாதுகாப்பு ஆகாது, கைமாற்றம்தான். சுற்றுலா நடக்கட்டும். ஆனால் அதன் வழிகாட்டி சின்னப்பாலத்துப் பெண்ணாக இருக்கட்டும். எந்தப் பாசி எந்த நிலவில் முதிரும் என்று அவள் சொல்லக் கேட்பதற்காக எந்திரம் அணைக்கப்படட்டும். அதன் வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஊர்களுக்குப் போகட்டும்.

அளவு வைத்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு அந்தமானில் விடை இருக்கிறது. போர்ட் பிளேருக்கு அருகே வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி தேசியக் கடற்பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை ஒரே சமயத்தில் திறப்பதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்று, மறுபகுதியில் மற்றொன்று. ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று விருந்தினரை ஏற்கும். பிளாஸ்டிக் பை உள்ளே போக முடியாது. ஜாலி பாயில் பெரிய படகு கரையை அணையும் துறை கிடையாது. கண்ணாடி அடித்தளம் கொண்ட சிறு படகுக்கு மாறித்தான் போக வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அங்கே போனவர்கள் எவரும் ஏமாந்து திரும்பியதாகக் கேட்டதில்லை. அந்தமான் என்றதும் அவர்கள் முதலில் சொல்லும் பெயரே அதுவாக இருக்கிறது.

திருவண்ணாமலைக்காரர்களாகிய எங்களுக்கு இந்த எண்ணம் புதியதும் அல்ல. இங்கே மலையைத் தரிசிக்கும் முறை அதன் மேல் ஏறுவது அல்ல, அதைச் சுற்றி வருவது. 14 கிலோமீட்டர் நடக்கிறோம். நடக்க நடக்க மலை தோற்றம் மாறுகிறது. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரமாகத் தெரிவது இன்னோரிடத்தில் பல முகடுகளாகப் பிரிகிறது. 2,668 அடி உயரமுள்ள அந்த மலையின் உச்சிக்கு ஒருமுறைகூடப் போகாமல் வாழ்நாள் முழுதும் அதை வலம் வந்து நிறைவடைந்தவர்கள் இங்கே ஏராளம். தள்ளி நின்று சுற்றி வருவதைக் குறைவான தரிசனம் என்று எவரும் சொல்வதில்லை. தீபத்தன்று உச்சிக்கு ஏற முந்தைய ஆண்டுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு அனுமதிச் சீட்டு தந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. மலையின் நிலையை வல்லுநர்கள் ஆராய்ந்து பார்த்தபின் அந்த ஆண்டு தீபத்திற்குப் பக்தர்கள் எவரும் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபம் எரிந்தது. லட்சக்கணக்கானவர்கள் கீழே நின்று பார்த்தார்கள். எவர் தரிசனமும் குறைந்துவிடவில்லை.

கிரிவலப் பாதையில் மறுநாள் காலையில் குவியும் பிளாஸ்டிக்கையும் எச்சில் இலைகளையும் நினைவூட்டி, உங்கள் வலம் இதுதானா என்று எவரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. வலம் வருவதும் கூட்டத்தால் கெடும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. ஆனாலும் அந்தக் குப்பையை அள்ளிவிடலாம். முறிந்த பவளத்தையோ மூழ்கிய தீவையோ அப்படி மீட்க முடியாது. தீவுக்கும் இந்த முறையைக் கொண்டுபோகலாம் என்பதே நான் சொல்ல வருவது. சில தீவுகளைச் சுற்றி வருவோம், இறங்க வேண்டாம். பாரிலிருந்து தள்ளி, எந்திரத்தை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் மிதந்துகொண்டு பார்ப்போம். கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசு மூச்சுவிட மேலே வரும் நீர்ப்பரப்பில் படகு மெதுவாகத்தான் போகவேண்டும் என்று விதி இருக்கட்டும். வேகப்படகு மோதுவது உலகெங்கும் அந்த விலங்கைக் கொல்லும் காரணங்களில் ஒன்று.

அளவு என்பது பவளத்தை மட்டும் காக்கும் ஏற்பாடு அல்ல, மனிதர்களையும் காக்கும். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்கு அருகே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் எங்கள் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அந்தப் படகில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிக அதிகமானோர் ஏற்றப்பட்டிருந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 22 பேர். 2018 ஜூலையில் புக்கெட்டுக்கு அருகே 47 சீனப் பயணிகள். உள்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கடலைப் பார்த்து எதுவும் தெரியாது. வானம் கறுப்பதைக்கூட அழகென்று படமெடுப்போம். படகு தாழ்ந்து மிதப்பது அவர்கள் கண்ணில் படாது. பட்டாலும் கேட்கத் துணிவிருக்காது. அவர்களுக்காக 'இன்று போக வேண்டாம்', 'இதற்கு மேல் ஏற்ற மாட்டேன்' என்று சொல்லக்கூடியவர் படகோட்டி ஒருவர்தான். அப்படிச் சொன்னால் வேலை போய்விடும் என்ற நிலையில் அவரை வைத்துவிட்டு, பாதுகாப்பு அறிவிப்புப் பலகைகளை எத்தனை மொழிகளில் எழுதிவைத்து என்ன பயன்? நாள் ஒன்றுக்கு நான்கு தீவு என்ற கால அட்டவணை அவர் வாயையும் சேர்த்தே கட்டிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. இத்தனை காலமும் பணக்காரர்களும் வெளிநாட்டினரும் பார்த்து அனுபவித்தார்கள். சாதாரணக் குடும்பங்கள் போகத் தொடங்கும்போது மட்டும் கதவைச் சாத்தச் சொல்கிறீர்களே என்பது அது. கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பதே கட்டுப்பாடு என்றால் அந்த மறுப்பு முற்றிலும் சரி. தனித்தீவு முழுவதையும் ஒரு விடுதிக்குக் கொடுத்துவிட்டு, அதற்குச் சூழல் சுற்றுலா என்று பெயர் வைப்பது உலகெங்கும் நடக்கிறது. கூட்டம் குறைகிறது, நீதியும் சேர்ந்தே குறைகிறது. எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். இடம் பிடிப்பது பணத்தின் கனத்தால் இருக்கக் கூடாது. முன்பதிவும் வரிசையும் குலுக்கலும் போதும். தரிசனத்திற்கு வரிசையில் நிற்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் என்று காத்திருக்கவும் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சில நாட்களை ஒதுக்கலாம். வேங்கிக்கால் அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி பாம்பன் கரையில் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து உயிருள்ள பவளத்தைப் பார்க்கட்டும். பவளம் என்றால் நகைக்கடையில் இருக்கும் சிவப்பு மணி என்று மட்டுமே அறிந்திருந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம் நான்கு தீவுகளுக்குச் சமம்.

படகுக்காரர்களின் பிழைப்பு என்ன ஆவது என்பதும் கேட்க வேண்டியதே. மாயா குடாவில் அதற்கு விடை கிடைத்திருக்கிறது. தீவு அழிந்தால் படகும் இல்லை என்பதை அவர்கள் மூன்றரை ஆண்டு மூடலின் வழியாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. முதலிலேயே அளவோடு நடத்தியிருந்தால் அந்த மூடலே தேவைப்பட்டிருக்காது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. மீனவர்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மீன் இனம் பெருக அவகாசம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மீன்பிடிப்பவருக்கு விடுமுறை விதிக்கும் கடலில், வேடிக்கை பார்ப்பவருக்கு மட்டும் ஏன் விடுமுறை இருக்கக் கூடாது?

ஆகவே அடுத்த கோடையில் தீவுக்குப் புறப்படும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. எத்தனை தீவு காட்டுவீர்கள் என்று முகவரிடம் கேட்காதீர்கள். எத்தனை நேரம் ஒரே தீவில் இருக்கலாம், படகில் எத்தனை பேர், வழிகாட்டி எந்த ஊர்க்காரர், எந்த மாதங்களில் மூடுவார்கள் என்று கேளுங்கள். மூடும் மாதம் என்று ஒன்று இல்லாத தீவைச் சந்தேகியுங்கள். இறங்க அனுமதி இல்லை என்று ஒரு தீவைப் பற்றிச் சொன்னால் வருத்தப்பட வேண்டாம். அதைச் சுற்றி மெதுவாக ஒரு படகு போகுமா என்று விசாரியுங்கள். போகும் என்றால் அந்தச் சீட்டையே வாங்குங்கள்.